ஒரு நாட்டுக்கு ஒரு சட்டி

அந்த ஊரில் தமிழ் பேச அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய். அந்த வாய் வாரத்தில் ஆறு நாள் பஸ் டிப்போவில் வேலை பார்த்தது. ஏழாவது நாள் அவள் வீட்டுக்கு வந்து, அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே அவள் சமையலைக் குறை சொன்னது.

அவள் பல் செட் செய்கிறவள். பல் மருத்துவமனைகளிலிருந்து வரும் அச்சுகளில் பிளாஸ்டரை ஊற்றி, காய்ந்ததும் எடுத்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று கருவியில் பொருத்தித் திறந்து மூடிப் பார்ப்பது வேலை. பட்டறையில் அவளோடு இன்னும் இரண்டு பேர். மெருகேற்றும் சக்கரம் சுற்றும் சத்தத்தில் மூன்று பேருமே காதடைப்பான் போட்டிருப்பார்கள். ஊர்க்காரர்கள் பலருடைய வாய் அவளுக்கு அத்துப்படி. அந்த வாய்கள் பேசுவதுதான் பாதி புரியாது. புரிந்த அளவில் மூன்று சொற்களை வைத்துக்கொண்டு அவள் காலத்தை ஓட்டினாள்: நன்றி, மன்னிக்கவும், பரவாயில்லை. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வாழ்ந்துவிடலாம். வாழ்ந்தமாதிரி இருக்குமா என்பது வேறு கேள்வி.

டிப்போ அண்ணனை அவள் கண்டுபிடித்தது ஒரு மழை நாளில். பஸ் நிறுத்தத்தில் நின்று நின்று கால் கடுத்துப்போய், யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில், "சனியன் பிடிச்ச பஸ்ஸு, எங்க போய்த் தொலைஞ்சுதோ" என்று வாய்விட்டே சொன்னாள்.

"ரேடியேட்டர் போயிடுச்சும்மா. இன்னிக்கு வராது, நடந்தே போயிடுங்க" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

திரும்பிப் பார்த்தாள். கிரீஸ் அப்பிய நீலச் சட்டை, ஐம்பதைத் தொடும் முகம், கையில் ஸ்பேனர். அவளுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று பின்னாளில் யோசித்தபோதும் அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறே அண்ணன் சாப்பிட வந்துவிட்டார். முதல் வாய் வைத்ததும் கேட்டார்: "ரசத்தைக் கொதிக்க விட்டியா?"

"ஆமா."

"ரசம் கொதிக்கக் கூடாது. நுரைச்சதும் இறக்கணும். கொதிச்சா அது ரசம் இல்ல, வெந்நீர்."

"வெந்நீரை ஏன் ரெண்டாவது தடவை ஊத்திக்கறீங்க?"

"தொண்டை கட்டியிருக்கு. அதான்."

அன்று தொடங்கியது. வெங்காயத்தை நீளமாக நறுக்குவதா பொடியாக நறுக்குவதா, பருப்பு வேகும்போது உப்புப் போடலாமா, தயிரில் தாளிப்பது நியாயமா அநியாயமா - வாரத்துக்கு ஒரு வழக்கு. நடுவில் அவருடைய மனைவி ஊரிலிருந்து வீடியோவில் வந்தால் அவரிடமும் பஞ்சாயத்து போகும். "நீ எது வெச்சாலும் அவர் நொள்ளை சொல்வார்ம்மா. ஆனா தட்டைப் பாரு, வழிச்சு நக்கியிருப்பார்" என்பார் அண்ணி. அண்ணன் தட்டை மறைத்துக்கொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிறு, கை கழுவிக்கொண்டே அண்ணன் சொன்னார்: "பெரிய டவுன் டிப்போவுக்கு வர்றியான்னு கேக்கறாங்க. அங்க நம்மாளுங்க ஏகப்பட்ட பேரு. தெருவுக்குத் தெரு நம்ம சாப்பாட்டுக் கடை. போயிடலாமான்னு பார்க்கறேன்."

அவள் துடைத்துக்கொண்டிருந்த டம்ளரையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். "போனா நல்லதுதானே அண்ணே" என்றாள். வேறென்ன சொல்வது? இவர் என்ன கூடப் பிறந்தவரா, கையைப் பிடித்து நிறுத்த? ஆனால் அன்று அவர் போனபிறகு வீடு இருந்த இருப்பை அவளால் தாங்க முடியவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல்கூட அந்நிய மொழியில் கேட்டது.

அந்த வாரம்தான், பின்னால் அவர்கள் 'கடைக்காரம்மா' என்று சொல்லப்போகிற அந்த ஊர்ப் பெண்மணி பட்டறைக்கு வந்தார். முன்பல் ஒன்றின் நிறம் மற்ற பற்களோடு ஒட்டவில்லை என்று மருத்துவர் அனுப்பியிருந்தார். அவள் நிற அட்டையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவர் வாயருகே பிடித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். வாய் விடுபட்டதும் அந்தம்மா அந்த ஊர் மொழியில் பேச ஆரம்பித்தார். அவளுக்குப் புரியட்டும் என்று மெதுவாகவே பேசினார்.

"திரைச்சீலைக் கடை காலியாச்சுல்ல, அதை நான் எடுத்திருக்கேன். சாப்பாட்டுக் கடை. இந்த ஊர்ல இருக்கறது மூணு கடை, மூணுலயும் ஒரே சாப்பாடு. உங்களை மாதிரி வெளியிலேருந்து வந்தவங்க இத்தனை பேர் இருக்கீங்க, வேலை முடிஞ்சு அந்த மூணு கடையையும் எட்டிப் பார்த்துட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுப் போறதை நான் பார்த்திருக்கேன். உங்களுக்கெல்லாம் என்ன வேணும்?"

அவள் யோசித்தாள். அந்த மொழியில் 'குழம்பு' என்பதற்குச் சொல் இல்லை. "சோறு. அதுக்கு மேல ஊத்த... புளிப்பா ஒண்ணு" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில கடைக்குக் கொண்டா. எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். ஒரு நாட்டுக்கு ஒரு சட்டி. எனக்கும் என் சமையல்காரனுக்கும் பிடிச்சா, வாரத்துல ஒரு நாள் உங்க சாப்பாடு. ஆனா ஒரு சட்டிதான். ரெண்டு கொண்டு வந்து குழப்பாதீங்க."

பட்டறை வாசலிலேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். ஏதோ எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவர் கத்தினார்: "நம்ம சாப்பாடா? இங்கயா? அப்படி ஒரு கடை வந்தா நான் ஏன்டி போறேன், இங்கயே கிடப்பேன்!"

அவர் அவளை 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடை வந்தால் அண்ணன் இருப்பார். கணக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் சமையலறையில் ஆலோசனை. குழம்பு என்று உடனே முடிவாகிவிட்டது. என்ன காய் என்பதும் முடிவாகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போனதில் இருவருக்குமே கொஞ்சம் சந்தேகம்தான். அப்போது அவள், அக்கா பார்சலில் அனுப்பிய வெல்லக் கட்டியை டப்பாவிலிருந்து எடுத்து மேடையில் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றார் அண்ணன்.

"கடைசியில ஒரு சிட்டிகை."

"குழம்புலயா?"

"பின்ன குளிக்கற தண்ணியிலயா?"

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "குழம்புல வெல்லம் போடறதும் டீசல் டாங்குல பால் ஊத்தறதும் ஒண்ணும்மா. இத்தனை நாளும் எனக்குத் தெரியாம இதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தியா?"

"போட்டேன். நீங்களும் மூணு கரண்டி ஊத்திக்கிட்டீங்க."

"ஏதோ ஒரு மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். வயசாயிடுச்சு, நாக்கு போயிடுச்சுன்னு விட்டுட்டேன்."

"வெல்லம் போடாத குழம்பைச் சாப்பிட்டா பல்லு கூசும். ஊர்ல பாதிப் பேரு எங்க பட்டறைக்கு வர வேண்டியதுதான். எங்களுக்கு வியாபாரம்."

"எங்கம்மா வெல்லம் போட்டதே கிடையாது. எங்க வீட்ல யாருக்குப் பல்லு போச்சு?"

"உங்கம்மாவை நான் ஒண்ணும் சொல்லல. குழம்பைத்தான் சொன்னேன்."

"குழம்பு வேற, அம்மா வேறயா?"

 அவளுக்கும் இரண்டும் வேறு வேறு இல்லை. "நாளைக்கு நான் வெல்லம் போட்டுத்தான் கொண்டு வருவேன்" என்றாள்.

"அப்ப நான் என் ரூம்ல வெச்சுத் தனியா கொண்டு வர்றேன். எது நம்ம குழம்புன்னு அந்தம்மா சொல்லட்டும்!"

கதவை அறைந்துவிட்டுப் போனார். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கதவை அறைந்தார்.

அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இருக்கறதே ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கு ரெண்டு சங்கமா?"

"அவர் சொல்றது அநியாயம்க்கா."

"அநியாயமா இருக்கட்டும்டி. கடைக்காரம்மா ரெண்டு சட்டி கொண்டு வராதேன்னு சொல்லியிருக்கா. ரெண்டு பேரும் போய் முட்டிக்கிட்டு நின்னா ரெண்டையும் தூக்கிப் போட்டுடுவா. கடையும் போச்சு, அண்ணனும் போயாச்சு. விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போனதில்லை. ஒரு சிட்டிகை வெல்லத்துக்கு ஒரு மனுஷனை விடுவியா நீ?"

அக்கா சொல்வது சரி என்றே அவளுக்குப் பட்டது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சரியாகவே இருந்தது. இருந்தும் காலையில் எழுந்ததும் கை தன்பாட்டுக்குப் புளியைக் கரைத்தது. அவர் கோபத்தில் வராமலே போய்விட்டால்? வந்தாலும் அடிப்பிடித்துப்போனதைக் கொண்டு வந்தால்? ஒன்றாவது இருக்கட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு குழம்பை வைத்தாள், வெல்லம் போட்டாள், தூக்குப் பாத்திரத்தை ஒரு துணிப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் இன்னும் மேஜை நாற்காலி வரவில்லை. பழைய திரைச்சீலைக் கம்பிகள் சுவரில் அப்படியே இருந்தன. நீளப் பலகை ஒன்றின் மேல் வரிசையாகச் சட்டிகள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் நர்ஸுகள் மூவர் இலையில் பொதிந்து எதையோ அவித்துக் கொண்டுவந்திருந்தார்கள். இலை அந்த ஊரில் கிடைக்காததால் ஒருத்தியின் தம்பி விமானத்தில் கொண்டுவந்தானாம். கட்டட வேலைக்காரர்கள் நான்கு பேர் கரண்டி செங்குத்தாக நிற்கிற அளவுக்குக் கெட்டியாகப் பயற்றுக் கூழ் வைத்திருந்தார்கள். ஒரு வயதான தம்பதி துணிபோல் மெல்லிய ரொட்டிகளை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டே, யாரும் கேட்காமலேயே, "இது அடுப்புல சுட்டது. மண்ணுக்குள்ள சுடணும். இங்க மண்ணைத் தோண்ட விடமாட்டேங்கறாங்க" என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். எல்லாருடைய முகமும் ஒரே மாதிரி இருந்தது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை முதல் நாள் விட்டுவிட்டு நிற்பவர்களின் முகம்.

அண்ணன் முன்னாடியே வந்திருந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. அவர் முன்னால் ஒரு அலுமினியச் சட்டி. அவளைப் பார்த்ததும் மார்பை நிமிர்த்திக்கொண்டார். சண்டைக்குத் தயாராக இருந்தார். இப்போது நினைத்தால் அவளுக்கு அது நன்றாகவே ஞாபகம் வருகிறது: அவர் கண்ணில் கோபமே இல்லை, ஒரு பளபளப்பு இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்தும் அவள் பார்க்கவில்லை.

கடைக்காரம்மா சமையல்காரரோடு ஒவ்வொரு சட்டியாக நகர்ந்து வந்தார். இவர்கள் முன்னால் நின்றதும் கேட்டார். "உங்களோடது எது?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இவர் செஞ்சதுதான். எங்க ஊர்க் குழம்புன்னா இதுதான் சரி."

துணிப்பையைக் காலால் பலகைக்கு அடியில் தள்ளினாள். அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். மூக்கு லேசாக விரிந்தது. மூடிய பாத்திரமானாலும் அந்த வாசனை அவருக்குத் தெரியாதா என்ன? பார்வையைப் பலகைக்குக் கீழே இறக்கி, மறுபடி அவள் முகத்துக்கு ஏற்றினார். 

சமையல்காரர் ருசித்தார். இன்னொரு தரம் ருசித்தார். செய்முறையைக் கேட்டார். அண்ணன் தணிந்த குரலில், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"புதன்கிழமை" என்றார் கடைக்காரம்மா. "புதன்கிழமை உங்களோடது."

நர்ஸுகள் கைதட்டினார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடை வந்துவிட்டது. அண்ணன் இருப்பார்.

வெளியே வந்து டிப்போ வரைக்கும் நடந்தார்கள். அவள்தான் பேசிக்கொண்டே வந்தாள். அண்ணன் டிப்போ கேட்டருகில் நின்று, "ஏன்மா அப்படிச் சொன்ன?" என்றார்.

"எப்படி?"

"என்னுதுதான் சரின்னு."

"சரியாதானே இருந்துச்சு."

"பொய் சொல்லாத. நீ முகர்ந்துகூடப் பார்க்கல." ஒரு நிமிஷம் கேட்டின் துருவை நகத்தால் சுரண்டினார். "இந்த டிப்போவுல இத்தனை வருஷமா இருக்கேன். ஒருத்தன் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. நான் போல்ட்டைத் தப்பா முடுக்கியிருந்தாகூட 'பரவாயில்லை, பரவாயில்லை'ன்னு சிரிச்சுட்டு, நான் போனப்புறம் அவனே சரி பண்ணி வெச்சுடுவான். மரியாதையாம். ஆளை மதிக்கறவன் சண்டை போடுவான்மா. நீ ஒருத்திதான் போட்ட. ராத்திரியெல்லாம் இன்னிக்கு என்னென்ன பேசணும்னு யோசிச்சு வெச்சிருந்தேன். நீ என்னடான்னா அவனுங்க மாதிரியே பரவாயில்லைன்னுட்ட."

"நீங்க போயிடக் கூடாதேன்னுதான் அண்ணே."

"அதைத் திட்டிச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர். குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், உட்கார்ந்தார், சாப்பிட்டார். "நல்லா இருக்கு" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது நல்லா இருக்கு?"

"எல்லாம்தான்."

அதற்கடுத்த ஞாயிறு அவள் ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க விட்டாள். பொரியலைத் தீய விட்டாள். குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள், வெல்லத்தையும் ஒரு கட்டி முழுசாகப் போட்டாள். அதைத் தட்டில் ஊற்றிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். திட்டுங்கள், தட்டைத் தூக்கி எறியுங்கள், இதெல்லாம் மனுஷன் சாப்பிடுவதா என்று கேளுங்கள். அண்ணன் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய் வைத்தார்.

"அண்ணே, உப்பு..."

"பரவாயில்லைம்மா" என்றார்.

கை கழுவும்போது, பெரிய டவுனுக்குச் சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். அண்ணியும் அதுதான் நல்லது என்கிறாராம். அவள் டம்ளரைத் துடைக்கவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "போகாதீங்க அண்ணே" என்றாள். இத்தனை நாள் தொண்டையில் கிடந்த சொல் வெளியே வந்தபோது ஒரு முனகலாகத்தான் வந்தது. அவர் அவள் தலையில் ஈரக் கையை ஒரு தடவை வைத்து எடுத்தார். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி என்ன செய்ய முடியும் என்பதுபோல.

அவர் போனபிறகு கடை திறந்தது. மேஜைகள் வந்தன, சுவரில் மஞ்சள் அடித்தார்கள். முதல் புதன்கிழமை அவள் பட்டறையிலிருந்து பிளாஸ்டர் படிந்த கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு நேரே போனாள். ஊர்க்காரர்கள் நாலைந்து மேஜைகளில் உட்கார்ந்து, குழம்பைக் கரண்டியால் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒற்றை நாற்காலி போட்ட மேஜை ஒன்று இருந்தது. உட்கார்ந்தாள். சோறு வந்தது, குழம்பு வந்தது. பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

அண்ணனின் குழம்பேதான். அப்பட்டமான புளிப்பு. காதுக்குப் பின்னால் கூசியது. என்ன மனுஷன் இவர், இதையா நம்ம குழம்பு என்று ஊருக்கெல்லாம் ஊற்றிவிட்டுப் போனார்! அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வசை ஒவ்வொன்றும் வரிசையாக வந்து நாக்கில் நின்றது. எத்தனை நாளாயிற்று இப்படி! இடது கையால் போனை எடுத்து அவருக்குப் போட்டாள்.

மணி அடித்தது. எடுத்தார். முதலில் கேட்டது அவர் குரல் அல்ல. தட்டுகள் மோதும் சத்தம், யாரோ "யோவ், அதுல யாராவது தேங்காய் போடுவானாய்யா?" என்று கத்த, ஒரு பெண் குரல் "போட்டா என்ன, உங்க வீட்டு மரமா?" என்று திருப்பிக் கத்த, பத்துப் பேர் சிரித்தார்கள்.

"யாரு? யாரும்மா?" என்றார் அண்ணன், சிரிப்பு அடங்காமலே. "சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நல்லா இருக்கியா? இரு... டேய், நீ வாயை மூடு, உனக்கு என்னடா தெரியும் ரசத்தைப் பத்தி! ஏம்மா, அப்புறம் கூப்பிடட்டுமா?"

"சரிண்ணே" என்றாள்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஒரு பஸ் வந்து நின்றது, யாரும் இறங்காமல் போனது. அவள் குழம்பைச் சோற்றோடு மெதுவாகப் பிசைந்தாள். பக்கத்து மேஜைக்காரர் அவள் கையால் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மரியாதையாக.

பரிமாறும் பெண் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவளருகே வந்தாள். எல்லா மேஜையிலும் கேட்ட அதே கேள்வியை, அதே புன்னகையோடு கேட்டாள். "எல்லாம் நல்லா இருக்கா?"

அந்தக் கேள்விக்கு அந்த ஊரில் ஒரே ஒரு பதில்தான். அது அவள் நாக்கில் தயாராகவே இருந்தது.

"இல்லை" என்றாள் அவள்.

பரிமாறும் பெண்ணின் புன்னகை அப்படியே நின்றது. கையில் தட்டுகளோடு, இதற்கு அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தராதவளாக, அவள் அடுக்களைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள் மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. மேற்கொண்டு சொல்ல அந்த மொழியில் அவளிடம் சொல் இல்லை. தேடிக்கொண்டிருந்தாள்.